சாவோ பாவுலோவின் நடுநகரில் ஸ்கேட்போர்டோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசிலின் சாவோ பாவுலோவில் ஸ்கேட்போர்டு ஓட்டித் திரிந்துவிட்டு வந்ததிலிருந்து, கிளம்பத் தயாராகும் நண்பர்கள் ஒரே சந்தேகங்களைக் கேட்டபடி இருக்கிறார்கள். சக்கரம், சுவர், போலீஸ் என்று தொடங்கி, தெருமுனையில் எரியும் மெழுகுவர்த்தியில் வந்து நிற்கிறது பேச்சு. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

பிரேசில்னாலே ரியோதானே? நீங்க ஏன் சாவோ பாவுலோவையே சொல்றீங்க?

கடலும் மலையும் வேண்டுமென்றால் ரியோ. ஸ்கேட்போர்டு என்று வந்தால் சாவோ பாவுலோதான் தாய்வீடு. உலகப் புகழ்பெற்ற ஸ்கேட்டர் பாப் பர்ன்க்விஸ்ட் வளர்ந்தது இங்கே. இன்னொரு பெரிய ஸ்கேட்டரான சாந்த்ரோ தியாஸ் பக்கத்து ஊரான சாந்தோ ஆந்த்ரேக்காரர். நடுநகரில் எந்தச் சதுக்கத்துக்குப் போனாலும் பலகையோடு நாலு பேர் இருப்பார்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கேட்டர்கள் கூடும் இடம், சுவர் எழுத்தாளர்கள் ஏறும் கட்டடம், மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் சிலை எல்லாம் இங்கே ஒரே வட்டாரத்தில் கிடக்கின்றன. பலகைக்காகப் போனவன் நான். அங்கே காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பொண்ணுங்க ஓட்டுறாங்களா, இல்ல பசங்க மட்டும்தானா?

நிறையவே ஓட்டுகிறார்கள். வடகிழக்கே மரன்யாவ் மாநிலத்திலிருந்து வந்த ரைசா லியால், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதில் வெள்ளி வென்றார். 2024-ல் பாரிஸில் வெண்கலம். ஏழு வயதில் நீல நிறத் தேவதை உடையில் படிக்கட்டைத் தாண்டிய அவருடைய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அவரைப் பார்த்துப் பலகை கேட்டு அடம்பிடித்த சிறுமிகள் இப்போது சதுக்கங்களில் பெரியவர்களுக்கு ஈடுகொடுக்கிறார்கள்.

ஒரே நாள்தான் இருக்கு. எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கலாம்?

ரூஸ்வெல்ட் சதுக்கத்தில் காலையில் தொடங்குங்கள். அங்கிருந்து கலேரியா தோ ராக் என்ற பழைய வணிக வளாகம். ராக் இசைத்தட்டுக் கடைகளும் ஸ்கேட் கடைகளும் மாடி மாடியாக இருக்கும். பழுதான பேரிங்கை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். அதன் ஒரு வாசல் திறப்பது பைசாந்து சதுக்கத்தை நோக்கி. அடுத்து அன்யங்கபாவு பள்ளத்தாக்கு, சே பேராலயம், கடைசியாக லிபெர்தாதே பகுதி. மொத்தம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் முழு நாளும் போய்விடும்.

இப்படிக் கால்போன போக்கில் சுற்றுவதை அங்கே ‘ஹோலே’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாவுலிஸ்தா நிழற்சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 முதல் அன்று பகலில் கார்களுக்குத் தடை. சாலை முழுக்க நடப்பவர்களுக்கும் சக்கரக்காரர்களுக்கும்தான். ‘மின்யோக்காவ்’, அதாவது பெரிய மண்புழு என்று மக்கள் பெயர் வைத்த மேம்பாலச் சாலையும் இரவுகளிலும் வார இறுதியிலும் அப்படித்தான். 1971-ல் வீடுகளின் சன்னலை ஒட்டிக் கட்டிய பாலம் அது. பக்கத்துக் கட்டடங்களின் வெற்றுச் சுவர்களில் இருக்கும் பிரம்மாண்டமான ஓவியங்களைக் கண்மட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை.

தரை எப்படி இருக்கும்? எந்தச் சக்கரம் எடுத்துட்டு வரணும்?

இரண்டு செட். சாகசங்களுக்கு 99ஏ போன்ற கடினச் சக்கரம், ஊர்சுற்ற 78ஏ போன்ற மென்சக்கரம். காரணம் நடைபாதைகள். பல இடங்களில் போர்த்துகீசியக் கல் என்கிற சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைக் கற்களைக் கையால் பதித்திருக்கிறார்கள். கடினச் சக்கரத்தில் அதன்மேல் போனால் பல்லெல்லாம் ஆடும். கல் பெயர்ந்த குழியில் சக்கரம் சிக்கினால் ஆள் முன்னே, பலகை பின்னே.

அப்படி விழுந்து உட்கார்ந்தபோதுதான் அந்தத் தரையை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பல நடைபாதைகளில் கறுப்பும் வெள்ளையும் கோணல்மாணலான வடிவில் மாறி மாறி வரும். அது சாவோ பாவுலோ மாநிலத்தின் வரைபடம். நகராட்சியில் வேலை பார்த்த மிர்தெஸ் பெர்னார்தெஸ் என்ற பெண் 1960-களில் வரைந்தது. இந்த ஊரில் அதிகம் பேர் பார்த்திருக்கும் பொதுக்கலை இதுவாகத்தான் இருக்கும். தினமும் மிதிப்பதால் யாரும் அதைக் கலை என்று சொல்வதில்லை.

ரோட்ல ஸ்கேட் ஓட்டினா போலீஸ் பிடிக்குமா?

இன்று ஸ்கேட்டிங்குக்குத் தடை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1988-ல் மேயர் ஜானியோ குவாத்ரோஸ், அப்போது நகராட்சித் தலைமையகம் இருந்த இபிராபுவேரா பூங்காவில் ஸ்கேட்டிங்கைத் தடை செய்தார். பலகைகளோடு இளைஞர்கள் ஊர்வலம் போனார்கள். தடை நீங்கவில்லை, நகரம் முழுவதற்கும் நீண்டது. அடுத்த ஆண்டு பதவிக்கு வந்த லூயிசா எருந்தினாதான் அதை நீக்கினார். அந்தத் தலைமுறை ஸ்கேட்டர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், இன்றும் முகம் மலரும்.

அதனால் எங்கும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. தனியார் கட்டட வாசலில் காவலாளி விசிலடித்தால் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள்.

அன்யங்கபாவு, அன்யங்கபாவுன்னு எல்லாரும் உருகறாங்களே, அப்படி என்ன இருக்கு?

நடுநகரின் இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடக்கும் நீளமான பள்ளம் அது. பெயர் பூர்வகுடிகளின் துப்பி மொழியிலிருந்து வந்தது. ‘அன்யங்கா’ என்றால் ஆவி, தீய சக்தி. அந்த ஆவியின் நீர் என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பெயருள்ள ஆறு இன்னும் இருக்கிறது, தரைக்கு அடியில் குழாயில் ஓடுகிறது.

1990-களின் தொடக்கத்தில் அங்கே கார்களைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டு, மேலே கல்தளமும் கல்பெஞ்சுகளுமாக ஒரு பெரிய திடல் அமைத்தார்கள். வடிவமைத்தவர்கள் ஜோர்ஜே வில்ஹெய்ம், ரோசா க்லியாஸ். அவர்கள் மனதில் ஸ்கேட்டர்கள் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் வழவழப்பான கல்லும் முழங்கால் உயர விளிம்பும் ஒரே இடத்தில் கிடைத்தால் ஸ்கேட்டருக்கு வேறென்ன வேண்டும்? முப்பது வருடம் அதன்மேல் சறுக்கினார்கள். பலகை வழுக்கிப் போக மெழுகு தேய்த்துத் தேய்த்து பெஞ்சுகளின் ஓரம் கறுத்து, உருண்டு, கண்ணாடி மாதிரி ஆகிப்போனது.

2019-ல் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கியது. ஸ்கேட்டர்கள் நகராட்சியோடு பேசிப் பேசி, பழைய கல்லிலும் பெஞ்சுகளிலும் ஒரு பகுதியைக் காப்பாற்றி, புதிய திடலில் தங்களுக்கான இடத்தில் வைக்கச் செய்தார்கள். அந்த ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். செதுக்கியவர் பெயர் எழுதாத சிற்பம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பக்கத்திலேயே சாவோ பென்தோ மெட்ரோ நிலையம். 1980-களில் பிரேக் டான்ஸ் ஆடியவர்கள் கூடிய இடம். மஞ்சள் தோல் மனிதர்களை வரைந்து உலகப் புகழ் பெற்ற ஓஸ் ஜெமியோஸ் என்ற இரட்டைச் சகோதரர்களும் அங்கே வந்து போனவர்கள்தான்.

சுவரெல்லாம் கறுப்பா குச்சி குச்சியா எழுதியிருக்கே, அதுதான் கிராஃபிட்டியா?

இல்லை. அதற்குப் பெயர் பிஷாசாவ். எழுதுபவர் பிஷாடோர். நீண்டு நிமிர்ந்த எழுத்துகள், பெரும்பாலும் கறுப்பு ஒன்றே நிறம். 1980-களில் ஹெவி மெட்டல், பங்க் இசைத்தட்டு அட்டைகளில் இருந்த கூரான எழுத்துகளைப் பார்த்து வளர்ந்த பாணி இது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறியும், சன்னல் விளிம்பைப் பிடித்து மாடிமாடியாகத் தொற்றியும், ஸ்பிரேயாலோ பெயின்ட் ரோலராலோ எழுதுவார்கள். விழுந்து இறந்தவர்கள் உண்டு.

படிக்கத் தெரிந்துவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. ரூஸ்வெல்ட் பக்கம் ஒரு கட்டடத்தின் உச்சி வரிசையை ஓர் உள்ளூர் பையன் எனக்கு எழுத்துக் கூட்டிக் காட்டினான். பெரிதாக இருப்பது குழுவின் பெயர். அதன் ஓரத்தில் குட்டியாக ஒரு சின்னம்: பல குழுக்கள் சேர்ந்த கூட்டணியின் முத்திரை. பக்கத்தில் எழுதியவரின் சுருக்கப் பெயர், பிறகு ஆண்டு, வடக்கா கிழக்கா என்று ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதற்கு இரண்டெழுத்து. விலாசத்தோடு போட்ட கையெழுத்து. தூரத்துப் புறநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன், பகலில் உள்ளே விட மறுக்கும் கட்டடத்தின் நெற்றியில் ‘நான் இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போகிறான்.

அப்போ கிராஃபிட்டி நல்லது, பிஷாசாவ் கெட்டதுன்னு வெச்சுக்கலாமா?

சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. 1998-ன் சுற்றுச்சூழல் குற்றச் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே தண்டித்தது. 2011-ல் திருத்தினார்கள்: உரிமையாளர் சம்மதத்தோடு, சுவருக்கு மதிப்புக் கூட்ட வரைந்தால் கிராஃபிட்டி, குற்றமில்லை. பிஷாசாவுக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அபராதம். 2017-ல் நகராட்சி தன் பங்குக்கு 5,000 ரியால் (பிரேசில் நாணயம்) அபராதம் வைத்தது.

கோடு அவ்வளவு நேரானது என்று நான் நினைக்கவில்லை. முன்பு ஒரு மேயர் காலத்தில் அனுமதியோடு வரைந்த ஓவியங்கள் ‘23 மே’ என்ற பெயருள்ள நிழற்சாலை நெடுகிலும் இருந்தன. 2017 ஜனவரியில் புதிதாக வந்த மேயர் ஜோவாவ் தோரியா அவற்றில் பெரும்பகுதிமேல் சாம்பல் நிறம் அடிக்கச் செய்தார். அனுமதியும் காப்பாற்றவில்லை. மறுபக்கம், 2008-ல் சாவோ பாவுலோ பியெனால் கலைக் கண்காட்சி ஒரு தளத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தது. பிஷாடோர்கள் கூட்டமாகப் புகுந்து அந்த வெள்ளைச் சுவர்களில் எழுதினார்கள். பிடிபட்ட ஓர் இளம்பெண் 50 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார். 2010-ல் அதே பியெனால், பிஷாடோர்களின் வேலையைப் படங்களாகக் காட்சிக்கு வைத்தது.

என் வீட்டுச் சுவர் என்றால் எனக்கும் கோபம் வரும். ஆனாலும் விளம்பரப் பலகைகளையே ஒழித்த ஊர் இது. 2007-ல் நடைமுறைக்கு வந்த சுத்த நகரச் சட்டம் கட்டடங்களிலிருந்து அவற்றை இறக்கிவிட்டது. காசு கொடுத்து யாரும் பேச முடியாத சுவரில் காசில்லாதவர்கள் பேசுகிறார்கள். அதைக் கிறுக்கல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாற்சந்தியில மண்சட்டி, மெழுகுவர்த்தி, சாராய பாட்டில் எல்லாம் கிடக்கே. நம்ம ஊர்ல கழிப்பு கழிச்சுப் போடற மாதிரியா? பயப்படணுமா?

பயப்பட வேண்டாம். அது படையல். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் தெய்வங்களையும் கொண்டுவந்தார்கள். அந்தத் தெய்வங்களை ஒரிஷா என்பார்கள். அவர்களை வழிபடும் காந்தோம்ப்ளே பிரேசிலில் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரிஷாக்கள், கத்தோலிக்கப் புனிதர்கள், ஆவியுலக நம்பிக்கை, பூர்வகுடி மரபு எல்லாம் கலந்து உம்பாந்தா உருவானது. சாவோ பாவுலோவில் இரண்டும் உண்டு.

நாற்சந்தி எஷூவின் இடம். எஷூ வழிகளின் காவலன், மனிதர்களுக்கும் ஒரிஷாக்களுக்கும் நடுவே தூது போகிறவன். எந்தச் சடங்கிலும் முதல் படையல் அவனுக்குத்தான். மண்சட்டியில் இருக்கும் மஞ்சள் பொடி, மரவள்ளி மாவைத் தெந்தே என்கிற பனையெண்ணெயில் பிசைந்தது. பாட்டிலில் இருப்பது கஷாசா என்ற கரும்புச் சாராயம். சுருட்டு, கறுப்பு சிவப்பு மெழுகுவர்த்தி எல்லாம் அவனுக்குப் பிடித்தவை. நம் ஊர்க் கழிப்பு என்றால் தீட்டையும் கண்ணேறையும் வெளியே தள்ளுவது. இங்கே பெரும்பாலும் நடப்பது ஒரு விண்ணப்பம்: வழி திறக்கட்டும், வேலை கிடைக்கட்டும். தாண்டக் கூடாது, தொடக் கூடாது என்ற ஒழுங்கு மட்டும் இரண்டுக்கும் பொது.

எஷூன்னா சாத்தான்னு ஒருத்தர் சொன்னாரே?

பலர் சொல்வார்கள். தவறு அது. வந்திறங்கிய மிஷனரிகள் கொம்பும் சூலமும் கொடுத்து அவனைச் சாத்தானாக்கினார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே வழிபாட்டு வீடுகளைத் தாக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழிபாட்டுப் பொருளைப் பொது இடத்தில் அவமதிப்பது பிரேசிலில் தண்டனைக்குரிய குற்றம்.

வெளிப்படையாகச் சொல்லத் துணிகிறவர்கள் கூடிவருகிறார்கள். உம்பாந்தாவும் காந்தோம்ப்ளேயும் தங்கள் சமயம் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 0.3 சதவீதம், 2022-ல் 1 சதவீதம்.

பைசாந்து சதுக்கத்துச் சிலை காலடியில ஒரு கப் காபி இருந்துச்சு. யாராவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்களா?

மறக்கவில்லை, அவளுக்கு வைத்தது. ‘மாய் பிரேட்டா’, கறுப்புத் தாய். வெள்ளைக் குழந்தைக்குப் பாலூட்டும் கறுப்பினப் பெண்ணின் சிலை. ஜூலியோ கெர்ரா செய்தது, 1955-ல் நிறுவினார்கள். பின்னால் நிற்பது கறுப்பினத்தோரின் செபமாலை அன்னை ஆலயம். அடிமைகளும் விடுதலையானவர்களும் சேர்ந்து முதலில் கட்டிய ஆலயம் நகரின் மையத்தில் இருந்தது. நகரை அழகுபடுத்துகிறோம் என்று அதை இடித்தார்கள்; 1906-ல் இங்கே மறுபடி எழுந்தது.

நான் பார்த்த அன்று அவள் பாதத்தில் இருந்தவை: பால் விடாத காபி ஒரு பிளாஸ்டிக் கப்பில், அரைக் கருகிய வெள்ளை மெழுகுவர்த்தி, நான்காய் மடித்த தாள், வாடிய வெள்ளைப் பூ. உம்பாந்தாவில் பிரெட்டோ வேல்யோ என்று அடிமையாய் வாழ்ந்து முதிர்ந்தவர்களின் ஆவிகளை வணங்குவார்கள். காபியும் புகைக்குழாயும் அவர்களுக்குரியவை. அடிமை முறை ஒழிந்த மே 13 (ஆண்டு 1888) அவர்களுடைய நாள். அன்று பூவும் சோறும் குவியும்.

இந்தச் சிலையைப் பிடிக்காத கறுப்பினத்தவரும் உண்டு. தன் பிள்ளைக்குக் கிடைக்காத பாலை எசமானின் பிள்ளைக்குக் கொடுத்தவளைத் தியாகச் சின்னமாக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நினைவுச் சின்னமாக வைத்தவளை மக்கள் தெய்வமாக்கிக்கொண்டார்கள். 2018 மே 1 அன்று இதே சதுக்கத்தில், வீடற்ற குடும்பங்கள் குடியிருந்த உயர்ந்த கட்டடம் தீப்பிடித்துச் சரிந்தது. பிழைத்தவர்கள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடந்தது இந்த ஆலயத்தைச் சுற்றித்தான்.

லிபெர்தாதே ஜப்பான்காரங்க ஏரியாதானே? அங்க என்ன நாட்டார் வழிபாடு?

சிவப்பு விளக்குக் கம்பங்கள், நூடுல்ஸ் கடைகள் எல்லாம் உண்மைதான். ஜப்பானியர் பிரேசிலுக்குக் குடியேறத் தொடங்கியது 1908-ல். அதற்கு முன்னால் லிபெர்தாதே சதுக்கத்தில் தூக்குமேடை இருந்தது. பக்கத்திலேயே அடிமைகளையும் ஏழைகளையும் தூக்கிலிடப்பட்டவர்களையும் புதைத்த இடுகாடு.

ஷாகீன்யாஸ் என்று எல்லோரும் அழைக்கும் படைவீரன், நிலுவைச் சம்பளம் கேட்டுக் கலகம் செய்ததற்காக 1821-ல் அங்கே தூக்கிலிடப்பட்டான். கயிறு அறுந்தது, மறுபடியும் அறுந்தது, கூட்டம் ‘லிபெர்தாதே’, அதாவது விடுதலை, என்று கத்தியது என்பது மக்கள் சொல்லும் கதை. ஆனாலும் கொன்றார்கள். இடுகாட்டின் சிற்றாலயம் மட்டும் ஒரு முட்டுச்சந்தின் முடிவில் இன்றும் நிற்கிறது. உள்ளே ஒரு பழைய மரக்கதவு. மூன்று முறை தட்டி வேண்டுதலைச் சொல்லிவிட்டு, சீட்டை இடுக்கில் செருகுகிறார்கள். திறப்பதற்கான கதவல்ல அது, தட்டுவதற்கான கதவு.

2018-ல் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியபோது ஒன்பது எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதே ஆண்டு மெட்ரோ நிலையத்தின் பெயரில் ஜப்பானைச் சேர்த்தார்கள். அடியில் கிடப்பவர்களின் பெயர் எங்கே என்று கறுப்பின அமைப்புகள் கேட்டன. சதுக்கத்தின் பெயரில் இப்போது ஆப்பிரிக்காவும் இருக்கிறது. அந்தச் சந்தில் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள்.

கறுப்புத் தாயைச் செஞ்சவர் செஞ்ச இன்னொரு சிலையை எரிச்சாங்களாமே? கலையை எரிக்கிறது சரியா?

ஆம், போர்பா காத்தோ சிலை. அதே ஜூலியோ கெர்ராவின் கை. 1963-ல் தெற்கே சாந்தோ அமாரோவில் வைத்தது. பூர்வகுடிகளை வேட்டையாடி அடிமைகளாக்கியும் தங்கம் தேடியும் உள்நாட்டுக்குள் போன பண்டெய்ராந்தேக்களில் ஒருவர் அவர். 2021 ஜூலையில் ஒரு குழு டயர்களை அடுக்கித் தீ வைத்தது. சிலை விழவில்லை. பிறகு பழுதுபார்த்துவிட்டார்கள்.

எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே சிற்பியின் இரண்டு சிலைகள்: ஒன்றுக்குக் காபி வைக்கிறார்கள், இன்னொன்றுக்குத் தீ வைத்தார்கள். முதல் சிலைக்கு மக்கள் வேறு அர்த்தம் கொடுக்க முடிந்தது, இரண்டாவதற்கு முடியவில்லை. அதைக் கேட்காமல் எரித்தவர்களை மட்டும் திட்டுவது பாதிப் பேச்சு.

ஸ்கேட்டர் சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க தூங்க வேண்டாமா?

வேண்டும். ரூஸ்வெல்ட் சதுக்கத்தை 2012-ல் புதுப்பித்துத் திறந்த நாள் முதல் இந்தச் சண்டை இருக்கிறது. சுற்றிலும் குடியிருப்புகள், பலகை கல்லில் அடிக்கும் ஓசை பத்தாவது மாடி வரை போகும். இரவு பத்துக்கு மேல் அங்கே ஓட்டாதீர்கள். வயதானவர்கள் உட்காரும் பெஞ்சில் மெழுகு தேய்க்காதீர்கள். அன்யங்கபாவில் பேசி இடம் வாங்கினார்கள் என்று மேலே சொன்னேனே, எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்டதால்தான் அது நடந்தது.

படம் எடுக்கலாமா? போன் பறிப்பாங்களா?

போன் பறிப்பு சகஜம். தெருவில் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். சுவரோவியத்தைத் தாராளமாகப் படமெடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் பிஷாடோரையும், வேண்டிக்கொண்டிருப்பவரையும் எடுக்காதீர்கள்.

தெரியாம சக்கரம் ஒரு படையல்மேல ஏறிடுச்சு. என்ன பண்றது?

எனக்கும் நடந்தது. இறக்கத்தில் வேகமாக வந்து திரும்பியபோது சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டேன். மாவு சிதறியது, மெழுகுவர்த்தி சாய்ந்தது. குனிந்து அடுக்கி வைக்கப் போனேன். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி தூரத்திலிருந்தே கையை ஆட்டித் தடுத்தார். தொடாதே, கொடுத்தாயிற்று, இனி அது அவனுடையது என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தார்: ‘லிசென்சா’. வழிவிடுங்கள், அனுமதியுங்கள் என்று பொருள். நெரிசலான பஸ்ஸில் இறங்கும்போது சொல்லும் அதே சாதாரணச் சொல்தான்.

ஆகவே இறங்குங்கள். எதையும் எடுக்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் யார் காலிலும் குத்தாதபடி பலகையால் ஓரம் தள்ளுங்கள். லிசென்சா சொல்லுங்கள். சந்தியைக் கடக்கும் வரை நடந்து போய், அப்புறம் பலகையில் ஏறுங்கள்.